சிங்கப்பூரில் பார்க்க வேண்டியது அடுக்குமாடிகளைத்தான்

சிங்கப்பூர் போய் வந்தவர்கள் எழுதும் பட்டியல்களில் மரினா பேயும் செந்தோசாவும் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்நாட்டுக் குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வாழும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) என்ற அரசு அமைப்பின் அடுக்குமாடிகளை மட்டும் ஏன் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் என்ற ஆதங்கத்தில்தான், ஊர் திரும்பிய சூட்டோடு இதை எழுதுகிறேன்.

விடுதி வாடகையே கையிருப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டதால், நுழைவுக் கட்டணம் கேட்கும் இடங்களை ஒதுக்கிவிட்டுத் தோ பாயோவுக்கு ரயிலேறினேன். 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முழுக்கத் தானே திட்டமிட்டு எழுப்பிய முதல் நகரம் இது. புளோக் எனப்படும் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் வீடு கட்டாமல் திறந்தே விட்டிருக்கிறார்கள். ஒரு புளோக்கின் கீழே சீன முதியவர்கள் கல்மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்க, அடுத்ததன் கீழே மலாய்க் கல்யாணத்துக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே சன்னல்தோறும் மூங்கில் கழிகளில் துணி காய்ந்தது. பக்கத்து உணவங்காடியில் இந்திய முஸ்லிம் கடையொன்றில், சிவக்கச் சிவக்கப் புரட்டி, காரமும் இனிப்புமாகக் கொடுத்த மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ்தான் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு. விலையும் என் பைக்கு அடங்கியது.

இந்த ஒழுங்கு தானாக அமைந்ததன்று. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ என்ற கம்பத்தில் (குடிசைகள் நெருங்கிய குடியிருப்பில்) பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அந்த நிலத்திலேயே அரசு விரைந்து அடுக்குமாடிகளைக் கட்டிக் குடியேற்றியது. அத்தாப்பு என்ற ஓலைக் கூரை வேய்ந்த கம்பங்கள் அடுத்தடுத்து மறைய, 1968 முதல் மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்பைக் கொண்டே வீடு வாங்கலாம் என்றானதும் வாடகைக்கு இருந்தவர்கள் 99 ஆண்டுக் குத்தகையில் வீட்டுக்காரர்களானார்கள்.

ஒரு புளோக்கில் ஓரினத்தவர் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்து 1989இல் வந்த இன ஒதுக்கீட்டையும் நான் ஆதரிக்கிறேன். ஓரினத்தவர் மட்டுமே வாழும் பேட்டைகள் உருவாகாமல் தடுத்தது அதுதான். ஆனால் சீனருக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்க நினைக்கும் இந்தியர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலையிலும் அடிபடுகிறார். ஒற்றுமைக்கான செலவைச் சிறுபான்மையினரின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமே அன்று.

உயரத்திலிருந்து நகரைப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு தகவல்: டக்ஸ்டனில் உள்ள 50 மாடி வீவக அடுக்குமாடியான பினாக்கிளின் உச்சிக்குச் செல்ல வெளியார் கட்டணம் செலுத்த வேண்டும். டாசனில் உள்ள ஸ்கைவில் என்ற வீவக அடுக்குமாடியின் மொட்டைமாடித் தோட்டத்துக்குக் கட்டணமே இல்லை. சுற்றியுள்ள குவீன்ஸ்டவுன் வட்டாரம் முழுவதும் அங்கிருந்து விரிந்து தெரிகிறது, மாலையில் போங்கள்.