நீந்தத் தெரியும் என்பதற்கு ஒரு கடிதம்

உயிர்காப்பாளர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் நீச்சலைத் தண்ணீரில் பார்ப்பதற்கு முன் தாளில் பார்ப்பார்கள்.

எனக்கு ஊர் வல்வெட்டித்துறை. 1954 இல் நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்ததும், 1971 இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அதே கடலை நீந்திப் போய் நீந்தியே திரும்பியதும் எங்கள் பக்கத்துக் கரையிலிருந்துதான். அந்த ஊரிலிருந்து போனவனிடம், விண்ணப்பம் வாங்கிய உத்தியோகத்தர் தாள்களைப் புரட்டிவிட்டு, "தம்பி, நீந்தத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்டார்.

"சின்ன வயதிலிருந்தே கடலில் நீந்துகிறேன் ஐயா."

"கடல் ஒப்பம் வைத்துத் தருமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீச்சல் கழகம் ஒன்றிடமிருந்தோ பயிற்றுநரிடமிருந்தோ கடிதம் வேண்டுமாம். படிவத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை என்று விரலை வைத்துக் காட்டினேன். "எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஒரு கழகத்தில் அங்கத்தவருக்கு மட்டும்தான் கடிதம் என்றார்கள். அங்கத்தவராவதற்குப் பணம் கட்ட வேண்டும். கட்டினாலும் கடிதம் உடனே வராது. கடைசியில் ஒரு பயிற்றுநர், "கடிதம் கிடக்கட்டும், முதலில் இறங்கு" என்று நீச்சல் தடாகத்தில் இறக்கினார். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிப் பிடிக்கும், நன்னீர் அவ்வளவு பிடிக்காது. அதுவரை கால் தாழ்வது என்றால் என்னவென்றே அறியாத எனக்கு அன்று இடுப்புக்குக் கீழே இரண்டு அம்மிக்கல்லைக் கட்டிவிட்டது போலிருந்தது. நான் கரையேறியதும் அவர் மறுபேச்சில்லாமல் எழுதித் தந்தார். கடலில் பழகியவர்கள் தேர்வுக்கு முன் தடாகத்தில் சில நாட்கள் நீந்திப் பாருங்கள். சுவரை உதைத்துத் திரும்பவும் பழகிக்கொள்ளுங்கள். அது தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் நேரம் போகும்.

கடிதத்தோடு போனால் மருத்துவச் சான்றிதழ் செல்லாது என்றார்கள். தனியார் வைத்தியரிடம் காசு கொடுத்து எடுத்தது. அரசாங்க வைத்தியர்தான் ஒப்பமிட வேண்டுமாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரே அலைச்சலில் முடித்திருப்பேன். அரசாங்க வைத்தியசாலை வரிசையில் அரைநாள் போனது. ஆனால் அங்கே காதைக் கருவி வைத்துப் பார்த்தார்கள். தனியார் வைத்தியர் நாடியோடு நிறுத்தியிருந்தார். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் இந்த வேலை சரிவராது. ஆகவே காது நோவு அடிக்கடி வருகிறவர்கள் மற்றத் தாள்களுக்கு அலைவதற்கு முன் காதைக் காட்டிவிடுங்கள். கிராம சேவையாளர் கடிதம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

நீச்சல் தேர்வில் தேறிவிட்டேன். பயிற்சியில்தான் அடி விழுந்தது. மூழ்குகிறவராக நடித்த பயிற்சியாளர், தன்னை நோக்கி நேரே பாய்ந்து நீந்திய என்னைக் கழுத்தோடு கட்டிப் பிடித்து அமுக்கினார். திமிறத் திமிற பிடி இறுகியது. கீழே அமிழ்ந்தால் பிடித்தவர் தானாக விடுவார், ஏனென்றால் அவருக்கு வேண்டியது மேலே இருக்கும் காற்று. இதை அவர் வாயால் சொல்லியிருக்கலாம். என் மூக்கு வழியாகத்தான் சொல்லித் தந்தார். அதன்பின் ஒழுங்கை மாற்றவே விடவில்லை: முதலில் கை அல்லது தடி நீட்டு, எட்டாவிட்டால் கயிறோ வெறும் பிளாஸ்ரிக் கானோ எறி, பிறகு படகு, எதுவும் இல்லையென்றால்தான் நீ இறங்கு. இறங்கும்போதும் மிதவையை உனக்கும் அவருக்கும் நடுவில் வைத்துக்கொள்.

இதயம் நின்றவரின் மார்பை அமுக்கி மூச்சுக் கொடுக்கும் இதய அமுக்கப் பயிற்சிக்கு முழங்காலில் நின்று நின்று தோல் உரிந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், 30 அமுக்கத்துக்கு 2 மூச்சு. நீரில் மூழ்கியவருக்கு மூச்சுக் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும், அவருடைய இதயம் நின்றது காற்று இல்லாமல். முழங்காலுக்கு ஒரு மடித்த துவாய் கொண்டு போங்கள், யாரும் சொல்லமாட்டார்கள்.

காரைநகர் கசூரினாவில் பயிற்சி என்றதும் சுற்றுலாப் போகிற நினைப்பில் போனோம். அங்கே கடல் ஆழமில்லை. வெகுதூரம் நடந்துதான் போகலாம். அதனால் நீந்துவதைவிட முழங்கால் தண்ணீரில் கால்களைப் பக்கவாட்டில் வீசி ஓடுவதுதான் பெரும்பாடு. கரையில் சும்மா நிற்கிற நேரத்தில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, என்ன செய்யும் என்று காட்டினார்கள். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் அலை மிரட்டும், ஆனால் பொருளைக் கரைக்குத் தள்ளும். சோளகத்தில் கடல் குளம்போல் கிடக்கும், காற்றோ கரையிலிருந்து வெளியே வீசும். காற்றடித்த ரியூப்பில் பிள்ளையை இருத்திவிட்டுக் கைப்பேசி பார்க்கிற தகப்பன் நிமிர்வதற்குள் ரியூப் போய்விடும். மூழ்குகிற பிள்ளை கத்தவும் மாட்டாது. வாய் நீர்மட்டத்தில், கைகள் தண்ணீரை அமுக்கியபடி, சத்தமே இல்லாமல் நிற்கும். கத்திக் கையசைக்கிறவருக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. சத்தம் போடாதவரைத் தேடிப் பார்க்கக் கண் பழக நெடுநாள் பிடித்தது. இப்போது கோயில் கேணியடியில் நின்றாலும் தலைகளை எண்ணுகிறேன்.

இறுதித் தேர்வில் தேறிவிட்டேன். சான்றிதழில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் பிழையாக அடித்துவிட்டார்கள். அடையாள அட்டையோடு ஒத்துவராத சான்றிதழை வேலைக்குக் கொடுக்க முடியாது. மண்டபத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்னே பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து, பிழை இருந்தால் திருப்பிக் கொடுங்கள்; அன்று அங்கேயே திருத்திக்கொண்ட நண்பனுக்குப் பருவகால வேலை கிடைத்துவிட்டது. திருத்தத்துக்கான விண்ணப்பத்தை அதே உத்தியோகத்தரிடம்தான் கொடுத்தேன். இந்தமுறை நீச்சல் கடிதத்தின் பிரதியையும் கேட்காமலே இணைத்துவிட்டேன். அவர் அதை எடுத்து, "இது தேவையில்லையே தம்பி" என்று திருப்பித் தந்தார்.