நான்கோடு நின்ற ரோலான் கரோஸ்

பாரிஸ் டென்னிஸ் அரங்கத்துக்கு 1928-இல் பெயராகிப்போன ரோலான் கரோஸ் ஒரு விமானி. அவரை முதல் உலகப் போரின் 'ஏஸ்' விமானி என்று யாரேனும் எழுதினால் அதைத் திருத்தத் தோன்றும் எனக்கு. எதிரி விமானங்களில் ஐந்தையாவது வீழ்த்தியவருக்கே அந்தப் பட்டம் உரியது. கரோஸின் கணக்கில் உறுதியானவை நான்குதான். ஆயினும் அந்தப் பட்டத்தைப் பெற்ற பிரெஞ்சு விமானிகளுக்கு வழி திறந்தவர்களில் அவருக்கே முதலிடம் தருவேன்.

1914 அக்டோபர் 5 அன்று பிரெஞ்சு வீரர்களான ஜோசப் ஃபிரான்ஸும் லூயி கெனோவும் வான்போரில் முதன்முறையாக ஓர் எதிரி விமானத்தை, ஒரு ஜெர்மானிய விமானத்தை, சுட்டு வீழ்த்தினார்கள். அவர்களுடைய வுவாசான் விமானத்தில் புரொப்பெல்லர் பின்புறம் இருந்ததால் முன்னே சுடத் தடையில்லை. ஆனால் அத்தகைய விமானங்கள் வேகம் குறைந்தவை. வேகமான விமானங்களிலோ புரொப்பெல்லர் விமானியின் கண்ணெதிரே சுழன்றது. நேராகச் சுட்டால் சொந்த விமானமே சிதறும். கரோஸ் தம்முடைய மொரான்-சோல்னியே விமானத்தின் புரொப்பெல்லர் இலைகளில், குண்டு படக்கூடிய இடத்தில், ஆப்பு வடிவ எஃகுத் தகடுகளைப் பொருத்தினார். பெரும்பாலான குண்டுகள் இலைகளுக்கு இடையே பாய்ந்துவிடும். இலையில் மோதும் ஒன்றிரண்டைத் தகடு பக்கவாட்டில் தள்ளிவிடும். ஒவ்வொரு மோதலும் எஞ்சினையே உலுக்கக்கூடிய இந்த ஏற்பாட்டை நம்பித்தான் 1915 ஏப்ரல் மாதத்தில் அவர் மூன்று விமானங்களை வீழ்த்தினார்.

அதே மாதம் 18 அன்று, ஜெர்மானியர் வசமிருந்த பெல்ஜிய மண்ணில் இறங்க நேர்ந்து சிறைப்பட்டார். விமானத்தை எரித்துவிட முயன்றும் அது முழுமையாக எரியவில்லை. சில மாதங்களிலேயே, புரொப்பெல்லர் இலை குறுக்கே வரும்போது மட்டும் சுடாமல் நிற்கும் துப்பாக்கியுடன் ஜெர்மானியரின் ஃபோக்கர் விமானங்கள் போர்முனைக்கு வந்தன.

'ஏஸ்' என்பதன் பிரெஞ்சு வடிவமான 'ஆஸ்' என்ற சொல்லைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்து முதலில் சூட்டியது அதோல்ஃப் பெகூவுக்கு. போருக்கு முன் வான்சாகசங்களால் புகழ்பெற்றிருந்த அவர் 1915 ஆகஸ்ட் 31 அன்று பெல்ஃபோர் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டார். வீழ்த்திய ஜெர்மானிய விமானி, போருக்கு முன் அவரிடமே பறக்கக் கற்றவர் என்று சொல்கிறார்கள்.

பிரெஞ்சு விமானப் படையின் கணக்கு கறாரானது. விழுந்ததைக் கண்ட வேறு சாட்சி வேண்டும்; எதிரி எல்லைக்குள் வெகுதூரத்தில் விழுந்தவை பெரும்பாலும் கணக்கில் ஏறா. அதனால்தான் நூற்றுக்கும் மேல் வீழ்த்தியதாகச் சொன்ன ரெனே ஃபாங்குக்கு உறுதியானவை 75. நேச நாடுகளின் தரப்பில் அதை எவரும் மிஞ்சவில்லை. 1918 மே 9 அன்று ஒரே நாளில் ஆறு விமானங்களை, மிகச் சில குண்டுகளைச் செலவிட்டு வீழ்த்தியவர் அவர்.

ஆனால் பிரெஞ்சு மக்கள் மனத்தில் நின்றவர் 53 வெற்றிகளோடு மறைந்த ஜார்ஜ் கின்மேர். உடல் மெலிந்தவர் என்று இராணுவம் மீண்டும் மீண்டும் தள்ளியதால், விமானப் படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து பின் விமானியானவர் அவர். 1917 செப்டம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் பூல்கப்பெல் அருகே, 22 வயதில் காணாமற்போனார், உடல் கிடைக்கவில்லை. இறங்கி வர முடியாத உயரத்துக்குப் பறந்துவிட்டார் என்று பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். எனக்கும் எண்ணிக்கையில் முதல்வரான ஃபாங்கைவிட இவரே நெருக்கமானவராகத் தெரிகிறார்.

கரோஸ், ஏறத்தாழ மூன்றாண்டுச் சிறைக்குப் பின், 1918 பிப்ரவரியில் ஜெர்மானிய அதிகாரியின் உடையணிந்து தப்பினார். பார்வை மங்கியிருந்தது, ஓய்வெடுத்திருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ, தாம் சிறையிலிருந்த காலத்தில் முற்றிலும் மாறிவிட்ட வான்போரைப் புதிதாகக் கற்றுக்கொண்டு போர்முனைக்குத் திரும்பினார். அக்டோபர் 2 அன்று நான்காவது வெற்றி. மூன்று நாள் கழித்து, ஃபிரான்ஸும் கெனோவும் முதல் விமானத்தை வீழ்த்திய அதே அக்டோபர் 5 அன்று, வூசியே அருகே அவர் சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும்.