என்ருன், சொன்னுன், இல்லே

“‘நான் வரவில்லே’ என்ருன் அவன். அவள் பதில் சொல்லாமல் தலேயைக் குனிந்துகொண்டாள்.”

1960களில் அச்சான ஒரு நாவலை ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால் இப்படித்தான் திரும்பி வரும். பகலில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் டி.டி.பி. செய்து பிழைக்கிற நான், பழைய நாவல்களை மின்னூலாக்குவதற்காக ராத்திரியில் உட்கார்ந்து என்ருன்களை என்றான் ஆக்கிக்கொண்டிருக்கிறேன்.

இதற்குக் காரணம் 1978ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்தம். அதற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா மூன்றுக்கும் பக்கத்தில் கால் கிடையாது. எழுத்தோடு சேர்த்தே சுழித்துவிடுவார்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. மென்பொருளுக்குப் பழக்கம் புதிய எழுத்துதான், அதனால் றா அதற்கு ‘ரு’ ஆகிறது, னா ‘னு’ ஆகிறது, லை ‘லே’ ஆகிறது. கட்டுரை நூல் என்றால் ஓரளவு தப்பிக்கலாம். கதையில் முடியாது. என்றான், சொன்னான், போனான் இல்லாமல் ஒரு பக்கம் நகருமா?

மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். ‘என்ருன்’ என்று தமிழில் ஒரு சொல் இல்லை, அதனால் அதை மாற்றலாம். ‘இல்லே’ அப்படியா? தஞ்சாவூர்க்காரர் எழுதிய உரையாடலில் பாத்திரம் நிஜமாகவே “அதெல்லாம் ஒண்ணும் இல்லே” என்றுதான் பேசும். ‘அவனே’ இதைவிட மோசம். “அவனே அழைத்தாள்” என்று வந்தால் பிழை உடனே கண்ணில் படும், ‘அவனை’ என்று திருத்திவிடலாம். “அவனே அழைத்தான்” என்று வந்தால்? யார் யாரை அழைத்தது என்று முன்பக்கத்தைப் புரட்டி, கதையைப் படித்து முடிவுசெய்ய வேண்டும். எந்தப் பிழைதிருத்தியும் இதைப் பிடிக்காது, இரண்டுமே சரியான தமிழ். அதனால் மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. 1998லிருந்து, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தும் மெய்ப்பு பார்த்தும் கொடுத்தவர்கள் மேல் எனக்குள்ள மரியாதை இந்த வேலைக்கு வந்த பிறகு பல மடங்காகிவிட்டது.

1990களில் கணினியில் கோத்த புத்தகங்கள் சுலபம் என்று நினைக்காதீர்கள். கோப்பு கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு முந்தைய ஏதோ ஒரு எழுத்துருவில் இருக்கும். யூனிகோடாக மாற்றும் மென்பொருளில் போட்டால் ‘கௌரி’ என்பது ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்று பிரிந்து வந்து உட்காரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் கௌரி என்று தேடினால் நாயகியே நாவலில் இல்லை என்று சொல்லும்.

சரி, இதெல்லாம் உழைப்பு. உட்கார்ந்தால் முடிந்துவிடும். உட்கார்ந்தும் முடியாதது உரிமை.

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ‘ஜகன்மோகினி’ பத்திரிகை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் 1960ல் காலமானார். 2021 ஜனவரி முதல் அவர் நாவல்களை யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். கல்கி போலப் புகழ்பெற்றவர்கள் என்றால் அரசே வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கிவிடுகிறது. இரண்டிலும் சேராதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எழுபது, எண்பதுகளில் இறந்தவர், மூன்று நாவல் எழுதியவர், பதிப்பகம் எப்போதோ மூடிவிட்டது. மறுபதிப்பு போடும் அளவுக்குப் பெயர் இல்லை, சும்மா எடுத்துப் போடும் அளவுக்குப் பழசும் இல்லை. பழுப்பேறி, மடித்தால் ஒடிகிற தாளில் இருப்பவை பெரும்பாலும் இவர்கள் புத்தகங்கள்தான்.

வாரிசே கிடைக்கவில்லை என்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால், நாட்டின் பெரும்பகுதியில் விற்கிற ஆங்கில நாளிதழ் ஒன்றில் விளம்பரம் கொடுக்க வேண்டும். ஆமாம், தமிழ் நாவலுக்கு ஆங்கில நாளிதழில்தான். அந்த விளம்பரச் செலவை நான் மின்னூல் விற்று எடுக்க என் பேரன் காலம் ஆகும். இந்த வழியில் போன ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஆகவே வாரிசுகளைத் தேடுகிறேன். இப்போது கையில் இருக்கும் நாவலின் ஆசிரியர் 1983ல் இறந்தவர், பள்ளி வாத்தியார். 2043 கடைசி வரை உரிமை அவர் பிள்ளைகளுடையது. பழைய மாணவர் ஒருவர் மூலம் மூத்த மகனைப் பிடித்தேன். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது, “தம்பி, இதுல எவ்வளவு வரும்?”

“வருசத்துக்கு ஒருவாட்டி குடும்பத்தோட நல்ல ஓட்டல்ல சாப்பிடலாம் அண்ணாச்சி. அதுவும் நிச்சயம்னு சொல்ல முடியாது.”

சிரித்துவிட்டார். அப்பா பதிப்பாளரிடம் ‘முழு உரிமை’ எழுதிக் கொடுத்ததாக ஒரு பழைய தாளையும் எடுத்து வந்தார். அச்சுப் புத்தகம் பற்றி மட்டுமே அதில் இருந்தது. ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, பெயர் சொல்லி எழுதாதவரை, அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று 2012ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பழைய ஒப்பந்தங்களுக்கும் இது செல்லுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். பதிப்பாளரின் குடும்பத்தார் போனிலேயே “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், போடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

மூத்தவர் கையெழுத்துப் போட்டார், கோவையில் இருக்கும் மகளும் போட்டார். காலமான இரண்டாவது மகனின் மனைவி, “மாமா எழுதினத இப்ப யாரு படிக்கப் போறா” என்று கேட்டுக்கொண்டே போட்டார். கடைசித் தம்பி மட்டும் பிரதியை வாங்கிப் படித்தார். படித்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுவாரம் போன் வந்தது. பதினோராம் அத்தியாயத்தில் வருகிற விதவை, அப்படியே அவருடைய பெரிய அத்தையாம். அத்தையின் பேத்திகள் இருக்கிறார்களாம். அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துவிட்டால் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

நாவலே அந்த அத்தியாயம்தான். அதை எடுத்துவிட்டு வெளியிடுவதைவிட வெளியிடாமல் இருப்பது மேல் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். பேத்திகளிடம் நானே பேசட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, மூத்த பேத்தியின் நம்பரை அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாம். பரீட்சைத் தாள் திருத்தி முடித்துவிட்டுப் பேசுகிறேன் என்றிருக்கிறார்.