‘நார்மல்’ என்றால் எத்தனை? தைராய்டு சந்தேகம், ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 6

“உடம்பே முடியலை டாக்டர்.” இதை டாக்டர் காலையிலிருந்து இரவுவரை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். அசதி, முடி கொட்டுவது, எடை ஏறுவது எல்லாவற்றுக்கும் ஆயிரம் காரணம் உண்டு. அதனால்தான் ‘டென்ஷனைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க’ என்ற பதில் சட்டென்று வந்துவிடுகிறது. பல சமயம் குறை டாக்டரின் அக்கறையில் இல்லை, அவர் பிடித்துக்கொள்ள நாம் எண் எதுவும் கொடுக்காததில் இருக்கிறது.

எனவே இன்று தொடங்கி இரண்டு வாரம் குறித்து வைக்க வேண்டியவை: காலையில் விழித்ததும், படுக்கையில் இருந்தபடியே, முழு ஒரு நிமிடம் எண்ணிய நாடித்துடிப்பு. வாரம் ஒருமுறை, அதே மெஷினில், எடை. மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை. மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை நாப்கின். இரவில் விரல்கள் மரத்துப்போய் விழிப்பு வந்தால் அதையும் எழுதுங்கள். மணிக்கட்டு நரம்பு அழுந்துவதும் தைராய்டு குறைவின் ஒரு முகம்தான், ஆனால் கேட்டால் ஒழிய யாரும் சொல்வதில்லை.

அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து ‘வெப்பம் குறைவு, அதனால் தைராய்டு’ என்று முடிவுகட்டும் முறை ஒன்று பரவலாகச் சுற்றுகிறது. அதைத் தாளில் சேர்க்காதீர்கள். அது தைராய்டு டெஸ்ட் ஆகாது. அதைப் பார்த்ததுமே டாக்டர் மற்ற எண்களையும் சந்தேகிக்க ஆரம்பிப்பார்.

ஜனவரி 9

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேட வேண்டிய நாள். தைராய்டு டெஸ்டான டி.எஸ்.எச். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறும், ரத்தசோகை வரலாம், சோடியம் இறங்கலாம், தசை நொதியான சி.பி.கே. உயரலாம். சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமல் கொலஸ்டிரால் திடீரென்று ஏறிய ரிப்போர்ட் ஒன்று, பத்து புகாரைவிட கனமான சாட்சி. அந்த வரியை அடிக்கோடிட்டு எடுத்துப் போங்கள்.

ஜனவரி 14

மருந்துப் பட்டியல். மனநோய்க்குத் தரும் லித்தியம், இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் இரண்டும் தைராய்டைக் குலைக்கக்கூடியவை. கடற்பாசி மாத்திரைகளில் அயோடின் மிதமிஞ்சி இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 150 மைக்ரோகிராம்தான், அதற்கு மேல் அள்ளிப் போட்டால் சுரப்பி சில பேருக்கு இன்னும் சுணங்கும்.

இதோடு சேர்க்க வேண்டியவை: கழுத்தில் ஆபரேஷன் அல்லது கதிர்வீச்சு, கடந்த ஒரு வருடத்துக்குள் பிரசவம், ரத்த உறவில் யாருக்காவது தைராய்டு, வெண்புள்ளி, இளவயதுச் சர்க்கரை.

ஜனவரி 19

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. மாதிரிக்கு:

“ஐந்து மாதமாக. எடை 61லிருந்து 66 கிலோ, சாப்பாடு மாறவில்லை. விழித்ததும் நாடி 54, முன்பு 70 வாக்கில். மலம் 3 நாளுக்கு ஒருமுறை, முன்பு தினமும். மாதவிலக்கு 5 நாள் இருந்தது 9 ஆகிவிட்டது. குரல் கரகரப்பு. அம்மாவும் சித்தியும் தைராய்டு மாத்திரை எடுக்கிறார்கள்.”

இதில் ‘அசதி’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘முன்பு’ என்ற சொல் இரண்டு முறை வருகிறது. டாக்டரின் கண் அங்கேதான் நிற்கும்.

ஜனவரி 20

உள்ளே போனதும் “எனக்குத் தைராய்டுதான்” என்று ஆரம்பித்தால் பாதிப் பேச்சு வாக்குவாதத்தில் கரைந்துவிடும். தாளைக் கொடுத்துவிட்டு, “இது தைராய்டாக இருக்குமோ என்று பார்த்துவிடலாமா டாக்டர்? டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டும் எழுதித் தருவீர்களா?” என்று கேட்பது போதும். ஃப்ரீ டி4 என்பது ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனின் அளவு. இரண்டையும் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சில லேப்களில் டி.எஸ்.எச். எல்லைக்குள் இருந்தால் டி4 பார்க்காமலே விட்டுவிடுவார்கள்.

கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். முழங்காலிட்டு, பாதம் தொங்கும்படி வைத்து, குதிகால் தசைநாணில் சுத்தியால் தட்டுவது பழங்காலப் பரிசோதனை. பாதம் விருட்டென்று இழுத்துக்கொள்ளும், ஆனால் திரும்பும்போது தண்ணீருக்குள் நகர்வதுபோல மெல்லத் திரும்பும். தைராய்டு நன்றாகக் குறைந்தவர்களிடம் இதைக் கண்ணாலேயே காணலாம். லேசான குறைவில் தெரியாது.

டெஸ்ட் வேண்டாம் என்றால் சண்டை வேண்டாம், மூன்று கேள்வி கேளுங்கள். வேறு எதைச் சந்தேகிக்கிறீர்கள்? அதை எதை வைத்து உறுதிசெய்வோம்? எத்தனை வாரத்தில் சரியாகாவிட்டால் தைராய்டைப் பார்ப்போம்? பதிலைச் சீட்டிலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்று வரும்போது பெரும்பாலும் டெஸ்டே எழுதிவிடுகிறார்கள். அப்படியும் நகராவிட்டால், அதே தாளோடு இன்னொரு டாக்டர். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஜனவரி 22

ரத்தம் கொடுக்கும் நாள். டி.எஸ்.எச். இரவிலும் விடிகாலையிலும் உச்சத்தில் இருக்கும், மதியத்தில் இறங்கும். எல்லையோரத்தில் இருப்பவருக்கு மாலை டெஸ்ட் ‘நார்மல்’ காட்டிவிடலாம். காலையிலேயே கொடுங்கள், அடுத்த முறையும் அதே நேரத்தில். வெறும் வயிறு கட்டாயமில்லை.

முடிக்கும் நகத்துக்கும் விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும். உடலுக்குத் தேவையோ நாளுக்கு 30 வாக்கில்தான். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டும். விளைவு வேடிக்கையானது. முடி கொட்டுகிறதே என்று மாத்திரை போட்டவருக்கு, உண்மையில் தைராய்டு குறைவாக இருக்க, ரிப்போர்ட்டில் அது சரியாகவோ அதிகமாகவோ தெரியும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரி வாசம் முடிந்த கையோடு கொடுக்காதீர்கள். தேறிவரும் உடம்பில் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும். ஆறு வாரம் போகட்டும்.

ஜனவரி 25

“ரிப்போர்ட் நார்மல்” என்று போனில் சொன்னால், “எத்தனை?” என்று கேளுங்கள். காகிதத்தைக் கையில் வாங்குங்கள். பக்கத்தில் அந்த லேப்பின் எல்லை அச்சாகியிருக்கும், டி.எஸ்.எச்.சுக்குப் பெரும்பாலும் 0.4 முதல் 4 வரை.

டி.எஸ்.எச். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் அதட்டல். தைராய்டு சுணங்கினால் அதட்டல் கூடும். ஃப்ரீ டி4 கொஞ்சம் இறங்கினாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். எனவே டி.எஸ்.எச். 7.2, டி4 எல்லைக்குள் என்று வந்தால் அது முரண் இல்லை, ஆரம்பக் கட்டம். 10ஐத் தாண்டினால் பொதுவாக மாத்திரை தொடங்குவார்கள். இடைப்பட்டதில் வயது, அறிகுறி, கர்ப்ப யோசனை, டி.பி.ஓ. ஆன்டிபாடி (தைராய்டையே தாக்கும் எதிர்ப்புப் பொருள்) எல்லாம் பேசும். ஆன்டிபாடி இருந்தால் பெரும்பாலும் ஹாஷிமோட்டோ, அதாவது 1912இல் ஜப்பானிய டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்த நோய். டி.எஸ்.எச். வருடாவருடம் ஏறுவதற்கான வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். எண்பது வயதில் அதே 6 அவ்வளவு கவலைக்குரியதல்ல, வயதோடு மேல் எல்லையும் ஏறுகிறது.

பிப்ரவரி 2

இன்னொருவரின் ரிப்போர்ட்: டி.எஸ்.எச். 1.4, ஃப்ரீ டி4 0.6 (எல்லை 0.8–1.8). டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் இந்த ஆள் நலம். உண்மையில் பிட்யூட்டரியே அதட்ட மறந்திருக்கலாம். கூடவே தலைவலி, பக்கப்பார்வை குறைவு, மாதவிலக்கு நின்றது, பிரசவத்தில் பெரும் ரத்தப்போக்கு போன்றவை இருந்தால் நாளமில்லாச் சுரப்பி டாக்டரிடம் உடனே போக வேண்டும். அங்கே மாத்திரைக்கு முன் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் பார்க்க வேண்டும். அது குறைவாக இருக்கும்போது தைராக்ஸினை, அதாவது தைராய்டு மாத்திரையை, தொடங்குவது ஆபத்து.

குழப்பம், எழுப்பினாலும் எழாத மயக்கம், உடல் ஜில்லிட்டுப்போவது: இவற்றுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவு.

பிப்ரவரி 10

வேறொருவருக்கு டி.எஸ்.எச். 1.8, டி4 நடுவாந்திரம், பயோட்டின் இல்லை, காலையில் எடுத்தது. அப்படியானால் தைராய்டை விடுங்கள். கசப்பாக இருக்கும். ரிவர்ஸ் டி3, தோலில் அயோடின் தடவிப் பார்ப்பது என்று இன்னும் தோண்டுவது காலவிரயம். தாளிலிருக்கும் எண்கள் இன்னும் செல்லும், கேள்வியை மட்டும் மாற்றுங்கள்: ஃபெரிட்டின், பி12, சர்க்கரை, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பது, மனச்சோர்வு. மாதவிலக்கு 9 நாள் ஓடுகிறவருக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். ஃபெரிட்டினைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் பல இடங்களில் எழுதுவார்கள்.

மார்ச் 25

7.2 வந்தவர் திரும்ப ரத்தம் கொடுக்க வேண்டிய நேரம், இரண்டு மூன்று மாத இடைவெளி. அதே லேப், அதே நேரம். சிலருக்கு இதற்குள் தானே இறங்கிவிடும். அதனால்தான் கர்ப்பம் போன்ற அவசரம் இல்லாவிட்டால் லேசான ஏற்றத்துக்கு ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஆயுள் மாத்திரை எழுதுவதில்லை. பிரசவமானவர்களுக்கு முதலில் படபடப்பு, பிறகு சில மாதம் சோர்வு என்று வந்து ஒரு வருடத்தில் பெரும்பாலும் அடங்கும்.

மார்ச் 30

மறுபடியும் ஏறி, 11.4. தைராக்ஸின் தொடங்குகிறது. காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு, சாப்பிட அரை மணியிலிருந்து ஒரு மணி முன். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி. இதய நோய் உள்ளவருக்கும் முதியவருக்கும் 25 மைக்ரோகிராம் போன்ற சிறு அளவில் தொடங்குவார்கள். அடுத்த டெஸ்ட் நாளில் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். மருந்தில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், டி.எஸ்.எச். நிலைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம். இன்று ஆரம்பித்தால் மே 11க்கு முன் ரத்தம் கொடுத்து அளவை மாற்றச் சொல்ல வேண்டாம்.