பிடியை விடும் முன்பே கஃப் ஏறியிருக்க வேண்டும்: மூன்றாவது முறையில் கிடைத்த ரீடிங்

கையை இறுக்கிப் பிடித்துவிட்டுத் தளர்த்திய பிறகும் தசைக் கழிவுகள் ரத்த அழுத்தத்தை (பிரஷரை) உயர்த்தியே வைக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையில் இறங்குபவர்கள், கஃப் என்கிற காற்றுப் பட்டையை ஏற்ற ரப்பர் பல்பை நம்பி கடைசி ஐந்து விநாடிவரை காத்திருக்காதீர்கள். எங்கள் முதல் அமர்வு அதனால்தான் வீணானது.

முறை பலருக்கும் தெரிந்ததுதான். பிடியின் பலத்தை அளக்கும் டைனமோமீட்டரை முழுப் பலத்தின் 30 சதவீதத்தில் இரண்டு நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். விடுவதற்குச் சற்று முன் அதே கையின் மேற்பகுதியில் கஃப்பை ஏற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மறு கையில் பிரஷர் பார்க்க வேண்டும். தசை ஓய்ந்த பிறகும் அதற்குள் அடைபட்ட கழிவுகள் பிரஷரை இறங்க விடாது என்று 1937-ல் அலாம், ஸ்மிர்க் என்ற ஆய்வாளர்கள் காட்டிய அதே சோதனை. அனுமதியும் ஒப்புதல் படிவமும் சிக்கலில்லாமல் முடிந்தன.

முதல் அமர்வில் பிடியை விட்டதும் பிரஷர் மளமளவென்று பழைய நிலைக்கு வந்துவிட்டது. கையால் பல்பை அழுத்தி, கஃப்பின் அழுத்தம் 220 மி.மீ. பாதரசத்தை எட்டப் பதினைந்து விநாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் தசை தளர்ந்து, புது ரத்தம் பாய்ந்து, பொட்டாசியம், ஹைட்ரஜன் அயனி, லாக்டேட் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கழிவை உணரும் நான்காம் வகை நரம்பிழைகளுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இன்னொரு கெடுதலும் உண்டு. கஃப் மெதுவாக 60, 80 என்று ஏறும்போது சிரை அடைபடும், தமனி திறந்திருக்கும். ரத்தம் உள்ளே போய்த் திரும்ப முடியாமல் கை கருஞ்சிவப்பாகிக் கடுக்கும்.

சில விநாடியில் ஏற்றும் காற்றுக் கருவி ஸ்டோரில் இருந்தது. சர்வீஸ் சான்று காலாவதி என்று கிளார்க் தர மறுத்துவிட்டார். புதிய சான்று எப்போது வரும் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அந்த அலைச்சலில் ஒரு நாள் போனது. கடைசியில் பல்பையே வைத்துச் சமாளித்தோம்: பல்புக்கென்று தனி ஆள், அவர் கண் ஸ்டாப்வாட்சில் மட்டும். 1:40-க்கு அழுத்தத் தொடங்கினால், பிடியை விட ஐந்து விநாடி இருக்கும்போதே 220 வந்துவிடும்.

இரண்டாவது அமர்வைக் கெடுத்தது மூச்சு. ஒரு நிமிடம் தாண்டியதும் சப்ஜெக்ட் (பிடியைப் பிடிப்பவர்) பல்லைக் கடித்து மூச்சை அடக்கினார். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, பிரஷர் முதலில் குதித்துப் பிறகு சரிந்தது. அது தசையிலிருந்து வரும் அனிச்சையே இல்லை. சத்தமாக எண்ணச் சொல்வதும் தீர்வாகாது, பேசினாலே பிரஷர் கூடும். மெட்ரோனோம் விளக்கைப் பார்த்து நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு விடச் சொல்லி, ஒருவர் வயிற்றின் அசைவைக் கவனித்தால் போதும். மறு கை முஷ்டியாக இறுகுகிறதா என்றும் பாருங்கள்.

அன்று இன்னொரு தப்பும் தெரியவந்தது. முழுப் பலத்தை ஒரே முயற்சியில் 28 கிலோ என்று எழுதியிருந்தார்கள். நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை இறுக்கிப் பிடிக்கவைத்தபோது 36 வந்தது. 28-ல் 30 சதவீதம் 8.4 கிலோ, 36-க்கு அது 23 சதவீதம்தான். தானியங்கு நரம்புக் கோளாறு (நாடியையும் பிரஷரையும் தானாக நடத்தும் நரம்புகளின் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க இதே பிடியை ஐந்து நிமிடம்வரை வைத்துச் செய்பவர்களுக்கு இது ஆபத்தான பிழை. டயஸ்டாலிக் (பிரஷரின் கீழ் எண்) 16-க்கு மேல் ஏறினால் இயல்பு, 10-க்குள் நின்றால் கோளாறு என்பது கணக்கு. பிடி லேசாக இருந்தால் நல்ல ஆளுக்கும் கோளாறு என்று வந்துவிடும்.

மூன்றாவது முறை கிடைத்தது. ஓய்வில் 116/74, நாடி 70. பிடியின் முடிவில் 148/98, நாடி 94. கஃப் ஏறியிருந்த இரண்டாவது நிமிடத்தில் 142/94, நாடி மட்டும் 73. பிரஷர் மேலேயே நிற்க நாடி தனியாக இறங்கியதைத் திரையில் பார்த்தபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

இரண்டும் பிரிவதில்தான் விஷயமே இருக்கிறது. கையை இறுக்கு என்று மூளை ஆணையிடும்போதே அதன் ஒரு பிரதி, நாடியையும் பிரஷரையும் நடத்தும் மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்துக்கும் போகிறது. இதயத்தை மெதுவாக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பு தன் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது, நாடி உடனே ஏறுகிறது. 1913-ல் க்ரோக், லிண்ட்ஹார்ட் என்ற ஆய்வாளர்கள் சொன்னது இது. பிடியை விட்டதும் ஆணை நின்றுபோகிறது, தசை இழுபடுவதை உணரும் மூன்றாம் வகை இழைகளும் அடங்குகின்றன, வேகஸ் திரும்புகிறது. கழிவு மட்டும் உள்ளேயே இருப்பதால் நான்காம் வகை இழைகள் ஓயவில்லை. முகுளம் வழியாகப் பரிவு நரம்புகள் ரத்தக் குழாய்களை இறுக்கியே வைத்திருக்கின்றன. கழுத்துத் தமனியின் அழுத்த உணரிகள் அப்போது அணைந்துவிடுகின்றன என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். தவறு. அவை வேலை செய்யும் புள்ளி மேலே நகர்கிறது, அவ்வளவுதான். உயர்ந்த அந்த அளவைச் சுற்றி அவை கட்டுப்படுத்திக்கொண்டேதான் இருக்கின்றன.

தானியங்கி பிரஷர் கருவிக்கு ஒரு ரீடிங் எடுக்க 30, 40 விநாடி பிடிக்கும். 1:15-க்கே பொத்தானை அழுத்திவிடுங்கள். பிடியே இல்லாமல் கஃப் மட்டும் ஏற்றி ஒரு முறை எடுத்து வைப்பதும் கட்டாயம், ஏனென்றால் கஃப் வலியே பிரஷரைக் கொஞ்சம் கூட்டும். எங்களுக்கு 4 கூடியது. டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ளவர்கள், ரத்தக் கட்டி வந்தவர்கள், பிரஷர் நோயாளிகள் வேண்டாம். மூன்று நிமிடத்துக்கு மேல் கஃப் நிற்கக் கூடாது. இறக்கியதும் கை சிவந்து ஊசி குத்துவதுபோல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் பதறுவார், அந்தப் பதற்றத்திலேயே இறங்கும்போது எடுக்கும் கடைசி ரீடிங் கெட்டுப்போகும்.