கரடி கேட்ட கேள்வி

என் மகன் உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் (வாயின் மேற்கூரையில் பிளவு) பிறந்தான். 4-ஆவது மாதத்தில் உதட்டையும் 11-ஆவது மாதத்தில் அண்ணத்தையும் தைத்தார்கள். மருத்துவர்கள் படம் வரைந்தே விளக்கிவிட்டதால் அதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. சறுக்குமரத்தடியில் நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அவனுக்கு 3 வயதானபோது, எந்தக் குழந்தையாவது உற்றுப் பார்த்தாலே குறுக்கே போய் நின்றுவிடுவேன். "பிறக்கும்போது உதடு சேரவில்லை, டாக்டர் தைத்தார்" என்று முந்திக்கொண்டு நானே சொல்வேன். நாளடைவில், யாராவது பெயரைக் கேட்டால்கூட அவன் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான். பேச்சுப் பயிற்சி தருபவர்தான் கவனித்துச் சொன்னார்: "இவனுக்குப் பேச்சு வந்துவிட்டது. நீங்கள்தான் இடம் விடுவதில்லை." சுருக்கென்றது. இரண்டு நாள் அவர்மேல் கோபமாகக்கூட இருந்தேன்.

அவர் சொன்ன வழி, ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் பேச்சை விளையாட்டுக்குத் திருப்புவது. வீட்டில் பொம்மைக் கரடியை வைத்து ஒத்திகை நடந்தது. "உன் உதட்டில் என்ன கோடு?" என்று கரடி தினமும் கேட்டது. "தழும்பு" என்பதில் அந்தக் கடைசி எழுத்துக்குக் காற்று வாயில் நிற்காமல் மூக்கு வழியே போய்விடும். "தழுமு" என்றுதான் வரும். ஒரு வாரம் கழித்து, "இந்தக் கரடிக்கு எத்தனை தடவை சொல்வது?" என்று சலித்துக்கொண்டான். அன்றைக்கு, ஒளித்து வைத்திருந்த அறுவை சிகிச்சைக்கு முந்தைய படங்களையும் எடுத்துக் காட்டினேன். எனக்குத்தான் கை நடுங்கியது. அவனோ, படத்தில் இருந்த தொப்பி யாருடையது என்று கேட்டான்.

அடுத்த மாதம் சறுக்குமரத்தடியில் ஒரு சிறுமி கேட்டேவிட்டாள். நான் பெஞ்சைவிட்டு எழவில்லை.

"தழுமு. குட்டியாக இருந்தபோது தைத்தது. நீ முதலில் ஏறுகிறாயா?"

"வலிக்குமா?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. என் பக்கம் திரும்பினான். வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன். அவன் விரலால் உதட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "இல்லை. வேண்டுமானால் தொட்டுப் பார்" என்றான். நானாக இருந்தால் அந்த அனுமதியைத் தந்திருக்கவே மாட்டேன். அவள் தொட்டுப் பார்த்தாள்.

அவளுடைய அம்மா பதறி ஓடிவந்து, "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று அதட்டினார். அதற்குள் இருவரும் ஏணியில் பாதி ஏறியிருந்தார்கள்.