பச்சிளங்குழந்தை மருத்துவரைத் தேடிய கதை

30-வது வாரத்தில் எங்கள் மகப்பேறு மருத்துவர், "குழந்தை சீக்கிரமே பிறக்கலாம், நியோனேட்டாலஜிஸ்ட் இருக்கும் இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு அந்தச் சொல்லே புதிது. குழந்தை மருத்துவர் என்றால் எல்லாரும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். இல்லையாம். குழந்தை மருத்துவம் படித்து முடித்த பிறகு, பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனியாகச் சில வருடங்கள் பயிற்சி எடுத்தவர்கள் இவர்கள். 37 வாரத்துக்கு முன் பிறந்தவை, எடை குறைந்தவை, மூச்சுத் திணறுபவை எல்லாம் இவர்கள் கையில்தான்.

அன்று ராத்திரியே இணையத்தில் தேடி ஐந்து பெயர் எழுதி வைத்தேன். மறுநாள் போன் போட்டால் ஒரு எண் உபயோகத்திலேயே இல்லை, இன்னொருவர் அந்த மருத்துவமனையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது, ஆனால் பக்கத்தில் அவர் படம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாமவர் பெயருக்குக் கீழே 'பச்சிளங்குழந்தை நிபுணர்' என்று போட்டிருந்தார்கள். மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பார்த்தால் குழந்தை மருத்துவம் மட்டும்தான் இருந்தது. நேரில் கேட்டதற்கு, "பிறந்த குழந்தைகளையும் பார்ப்பேன், ஆனால் தீவிர சிகிச்சையில் வைத்துப் பார்ப்பதில்லை" என்று அவரே நேர்மையாகச் சொன்னார். தப்பு அவர் மேல் இல்லை, யாரோ போட்ட தலைப்பு அது.

பதிவேட்டில் தேடும்போது பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவு இப்போது நடப்பில் இருக்கிறதா, மேற்படிப்பு அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திர மதிப்பெண்களை நான் கண்டுகொள்ளவே இல்லை, பாதிப் பேர் கார் நிறுத்த இடமில்லை என்றுதான் புலம்பியிருந்தார்கள்.

நான்காவது மருத்துவமனையில் போனை எடுத்த செவிலியர்தான் எனக்குப் புத்தி சொன்னார். டாக்டர் பெயரை விடுங்கள், பிரிவைப் பற்றிக் கேளுங்கள் என்றார். எத்தனை வாரக் குழந்தை வரை எடுப்பீர்கள், வென்டிலேட்டர் இருக்கிறதா, நடுராத்திரியில் நிபுணர் உள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா, குறைமாதக் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை இங்கேயே நடக்குமா? இதெல்லாம் எனக்குத் தோன்றியே இருக்காது. வசதி இல்லாத இடத்தில் பெற்றுவிட்டு அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, முடிந்தால் வயிற்றில் இருக்கும்போதே தாயை அங்கே மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு என்றும் அவர்தான் சொன்னார். அங்கேயே பதிவு செய்துவிட்டோம்.

34-வது வாரத்தில், ஒரு விடிகாலை மூன்று மணிக்கு மகள் பிறந்தாள், 2,050 கிராம். நான் அவ்வளவு சரிபார்த்துத் தேர்ந்தெடுத்த டாக்டர் அன்று விடுப்பு. இன்குபேட்டர் பக்கத்தில் நின்றவரின் பெயரைக்கூட நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.